பழைய ஃபைல்கள் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ்

தூத்துக்குடி ஹார்பரைச் சுற்றி நடக்கிற வேலை முக்கால்வாசியும் தமிழில்தான் நடக்கிறது. ட்ரெய்லர் டிரைவரிடம் தமிழ், சி.எஃப்.எஸ். என்கிற கண்டெய்னர் கிடங்கின் கேட்டில் தமிழ், சர்வேயரிடம் தமிழ். கஸ்டம்ஸ் ஹவுஸில் வடக்கிலிருந்து மாற்றலாகி ஒரு அதிகாரி வந்து உட்கார்ந்தால் அவரிடம் மட்டும் ஆளுக்குத் தெரிந்த இந்தி. ஆனால் இந்த வேலையில் கையெழுத்தாகிற காகிதம் ஒன்றுகூடத் தமிழில் கிடையாது. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் கம்பெனி தருகிற பி.எல். (பில் ஆஃப் லேடிங்) எல்லாமே இங்கிலீஷ். நாள் முழுக்கத் தமிழில் ஓடியாடிவிட்டு, சாயங்காலம் மேஜைக்கு வந்தால் அத்தனையையும் இன்னொரு மொழியில் பிசகில்லாமல் எழுதிக் கொடுக்க வேண்டும். பணம் வருவது அந்த எழுத்தை நம்பித்தான்.

நான் பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழ் மீடியம். பி.காம்., டைப்ரைட்டிங் ஹையர். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் டாக்குமென்டேஷன் செக்‌ஷனில் சேர்ந்தபோது, இங்கிலீஷில் ஒரு வாக்கியம் சரளமாகப் பேச வராது. அதைப் பற்றி அங்கே யாரும் கேட்கவுமில்லை. ஹெட் கிளார்க் அண்ணாச்சி ஒரு பழைய ஃபைலை எடுத்து முன்னால் போட்டார். “வாசி தாயி. சத்தமா வாசி.”

அந்த ஆபீஸில் அதுதான் வழக்கம். லைன் ஆபீஸிலிருந்து, அதாவது கப்பல் கம்பெனியிலிருந்து, டிராஃப்ட் பி.எல். ஃபேக்ஸில் வரும். ஒருவர் அதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். இன்னொருவர் இன்வாய்ஸையும் ஷிப்பிங் பில்லையும் விரித்து வைத்துக்கொண்டு பென்சிலால் டிக் அடிக்க வேண்டும். வாசிப்பவர் காற்புள்ளியைக்கூடச் சொல்லித்தான் வாசிக்க வேண்டும். “கன்சைனி, டு ஆர்டர், காமா…” முதலில் எனக்குச் சிரிப்பாக வந்தது. இங்கிலீஷ் வார்த்தைகளை வாய்விட்டு உச்சரிக்கிற கூச்சம் எனக்குப் போனது அந்த மேஜையில்தான் என்பது வெகுநாள் கழித்தே உறைத்தது. எதிரே இருப்பவர் உச்சரிப்பைக் கவனிப்பதில்லை. கண்டெய்னர் நம்பரைக் கவனித்துக்கொண்டிருப்பார். கூச்சம் போக அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

“கப்பல் போன பொறவு பி.எல்.லைத் திருத்தணும்னா லைன்காரன் அதுக்கும் ஒரு சார்ஜு போடுவான். இப்பவே கண்ணுல பாத்துரு” என்பார் அண்ணாச்சி.

பி.எல்.லில் ஒரு வரி வரும்: ஷிப்பர்ஸ் லோட், ஸ்டோ அண்ட் கவுன்ட். பக்கத்திலேயே, ‘செட் டு கன்டெய்ன்’ இத்தனை கார்ட்டன். அகராதியைப் பார்த்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் கிடைத்தது, வரிக்குக் கிடைக்கவில்லை. அண்ணாச்சியிடம் கேட்டேன். “பெட்டிக்குள்ள தீப்பெட்டி இருக்கா செங்கல்லு இருக்கான்னு கப்பக்காரனுக்கு எப்படித் தெரியும்? சீல் வச்ச பெட்டியத்தான அவன் பாக்கான்? உள்ள தீப்பெட்டின்னு நீ சொல்லுத. நீ சொன்னதா அவன் எழுதுதான். அவ்ளோதான்.” பத்தாம் வகுப்பில் டைரக்ட் ஸ்பீச்சை இன்டைரக்டாக மாற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். யார் சொன்னது, யார் பொறுப்பு என்பதைப் பிரித்து வைக்கத்தான் அந்த இலக்கணமே இருக்கிறது என்று வகுப்பில் ஒருவரும் சொல்லவில்லை.

தீப்பெட்டிச் சரக்கு எங்களுக்கு நிறைய வரும். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று பக்கத்தில்தானே எல்லாம். அது அபாயச் சரக்கு, கடல்வழி அபாயச் சரக்குக்கான ஐ.எம்.டி.ஜி. கோடுப்படி ‘மேட்சஸ், சேஃப்டி’, யு.என். எண் 1944, கிளாஸ் 4.1. எங்கே உரசினாலும் பற்றுகிற குச்சிக்கு வேறு பெயர், வேறு எண்: 1331. டிக்ளரேஷனில் சரக்கின் பெயரை நம் இஷ்டத்துக்கு அழகுபடுத்தி எழுத முடியாது. கல்லூரியில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போடாதே, வேறு சொல் தேடு என்பார்கள். இங்கே முதல் காகிதத்தில் என்ன சொல்லோ, கடைசிக் காகிதத்திலும் அதே சொல். கட்டுரை நன்றாக எழுதுகிற பிள்ளைகளுக்கு இது பழகத்தான் அதிக நாள் ஆகிறது.

வாங்குபவரின் வங்கி பணத்துக்கு உத்தரவாதமாகத் தருகிற எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட்) வந்த நாளில் அதை அண்ணாச்சி யாரிடமும் கொடுக்க மாட்டார். முதலில் தானே ஒரு தரம் படித்துவிட்டு, ஸ்கேல் வைத்துச் சில சொற்களுக்கு மட்டும் அடிக்கோடு போடுவார். பெரிய சொற்களாக இருக்கும் என்று எட்டிப் பார்த்தால், ‘பிஃபோர்’, ‘அபவுட்’, ‘ஃப்ரம்’. எனக்கு நான்காம் வகுப்பிலிருந்தே தெரிந்த சொற்கள்.

வங்கிகள் எல்.சி.யைக் கையாள்வதற்கென்று சர்வதேச வர்த்தக சபை ஒரு விதித்தொகுப்பு வைத்திருக்கிறது. நான் சேர்ந்தபோது 1994 முதல் அமலில் இருந்த யு.சி.பி. 500, 2007 ஜூலை 1 முதல் யு.சி.பி. 600. எனக்கு உண்மையான இங்கிலீஷ் வாத்தியார் அந்தச் சின்னப் புத்தகம்தான். ‘ஆன் ஆர் அபவுட்’ ஜூன் 15 என்று எழுதியிருந்தால் முன்னே ஐந்து நாள், பின்னே ஐந்து நாள். ஜூன் 10 முதல் 20 வரை எந்த நாளில் வேண்டுமானாலும் ஏற்றலாம். ‘அன்டில்’ ஜூன் 15 என்றால் 15ஆம் தேதியும் சேர்த்தி. ‘பிஃபோர்’ ஜூன் 15 என்றால் 14ஆம் தேதியோடு கதை முடிந்தது. ‘ஃப்ரம்’ இருக்கிறதே, அது இன்னும் விசேஷம். கப்பலேற்றும் காலத்தைச் சொல்லும்போது அந்தத் தேதியைச் சேர்த்துக்கொள்ளும். பணம் கொடுக்க வேண்டிய தவணையை எண்ணும்போது அதே சொல் அந்தத் தேதியை வெளியே தள்ளிவிடும். மாதத்தின் ‘பிகினிங்’ 1 முதல் 10 வரை, ‘மிடில்’ 11 முதல் 20 வரை, ‘எண்ட்’ 21இல் தொடங்குகிறது. எங்கள் வீட்டில் மாசக் கடைசி என்பது 12ஆம் தேதியே வந்துவிடும் என்பது வேறு விஷயம்.

‘அபவுட்’ 1,000 கார்ட்டன் என்றிருந்தால் பத்து சதவீதம் கூடக்குறைய அனுப்பலாம். 900 முதல் 1,100 வரை. ஆனால் அந்தச் சொல் எதன் பக்கத்தில் நிற்கிறதோ அதற்கு மட்டும்தான் சலுகை. கார்ட்டன் பக்கத்தில் நின்று தொகையின் பக்கத்தில் நிற்கவில்லை என்றால், கூடுதல் சரக்கை அனுப்பிவிட்டு எல்.சி. தொகைக்கு மேல் பணம் கேட்க முடியாது. நம் ஊர் மெயில்களில் மூச்சுக்கு ஒரு தரம் வருமே, ‘ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள்’? எல்.சி.யில் கப்பலேற்றும் காலத்துக்கு அப்படி எழுதியிருந்தால் வங்கி அந்த வார்த்தை இருப்பதாகவே கருதாது. ‘இமீடியட்லி’, ‘பிராம்ப்ட்’ இரண்டுக்கும் அதே கதிதான். இதைப் படித்த அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. அவசரத்தை வார்த்தையில் காட்டுவதால் ஒன்றும் நடக்காது; தேதி போடு என்று ஒரு சர்வதேச விதியே சொல்கிறது!

இன்னொரு பயத்தையும் வங்கி நடைமுறைதான் தீர்த்தது. தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு ஸ்பெல்லிங் என்றாலே கை நடுங்கும். காகிதங்களைப் பரிசோதிக்க வங்கிகள் பின்பற்றும் கையேட்டில் ஓர் உதாரணம் இருக்கிறது. ‘மெஷின்’ என்ற சொல்லில் ஓர் எழுத்து மாறி விழுந்திருந்தால், அர்த்தம் கெடாத வரைக்கும் அது தவறாகாது. ‘மாடல் 321’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘மாடல் 123’ என்று விழுந்தால் அது தவறு; காகிதம் திரும்பிவிடும். அதாவது நாங்கள் பயந்துகொண்டிருந்தது எழுத்தைப் பார்த்து. பயப்பட வேண்டியிருந்தது எண்ணைப் பார்த்து. ஸ்பெல்லிங் சரியில்லாவிட்டாலும் பரவாயில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. பயத்தை எந்த வரிசையில் வைத்துக்கொள்வது என்பதுதான் கேள்வி.

நடுவில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கும் போனேன். எல்லாரும் போனார்கள். தன்னைப் பற்றி ஐந்து வாக்கியம், பிடித்த பண்டிகை, பிடித்த தலைவர். பொங்கலைப் பற்றி இரண்டு நிமிஷம் தடுமாறாமல் பேசுவேன். இதுவரை எந்த ஹாம்பர்க் பார்ட்டியும் என்னிடம் பொங்கலைப் பற்றிக் கேட்டதில்லை. வகுப்பு வீண் என்று சொல்ல மாட்டேன். நாலு பேர் முன்னால் எழுந்து நிற்கும் தைரியத்தைக் கொடுத்தது. ஆனால் அங்கே பேச்சு முதலில், எழுத்து பிறகு, வாசிப்பு கடைசி. இந்தத் தொழிலுக்கு அதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும் என்பது என் கட்சி. முதலில் வாசிக்கத் தெரிய வேண்டும், பிறகு எழுத. பேச்சு தானாக வரும். வராவிட்டாலும் சரக்கு போய்விடும்.

பேச்சு அவசியமான இடம் ஒன்று உண்டு. ஃபோனில் எழுத்தும் எண்ணும் சொல்வது. கண்டெய்னர் நம்பர் என்பது நாலு எழுத்து, ஏழு எண். எழுத்தில் கடைசி எப்போதும் ‘யு’. எண்ணில் கடைசி, முன்னால் இருப்பதெல்லாம் சரிதானா என்று கணக்குப் போட்டுப் பார்க்க உதவும் சோதனை எண். மிச்சம் மூன்று எழுத்தில்தான் எங்கள் பாடு. தமிழில் ஒரே ‘ப’வை வைத்துக்கொண்டு இரண்டு ஒலிக்கும் சமாளித்த காதுக்கு, இங்கிலீஷில் பி எது, இன்னொரு பி எது என்று இரைச்சலுள்ள லைனில் பிரிக்க வராது. எம்முக்கும் என்னுக்கும் அதே தகராறு. ஆபீஸில் பழைய வழக்கம், ‘பி ஃபார் பாம்பே, எம் ஃபார் மெட்ராஸ், என் ஃபார் நெல்லூர்’. நான் சேர்ந்தபோது பாம்பே மும்பையாகியிருந்தது, மெட்ராஸ் சென்னையாகியிருந்தது. ஃபோனில் மட்டும் ஆகவில்லை. ராட்டர்டாமில் இருப்பவருக்கு நெல்லூர் எந்தத் திசையில் என்றே தெரியாது. ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்ற உலக வரிசையை ஓர் அட்டையில் டைப் அடித்து ஃபோன் பக்கத்தில் ஒட்டினோம். முதலில் சினிமா போலீஸ்காரர் மாதிரி இருக்கிறது என்று கிண்டல். ஒரே மாதத்தில் கிண்டல் நின்றது.

எண்ணைச் சொல்லும் முறையைக் கப்பல்காரர்களிடம்தான் கற்க வேண்டும். ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டும் வி.எச்.எஃப். ரேடியோவில் ஒன்றுபோலத்தான் கேட்கும். அதனால் அவர்கள் ‘ஒன் ஃபைவ்’, ‘ஃபைவ் ஸீரோ’ என்று ஒவ்வோர் இலக்கமாகச் சொல்வார்கள். சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001இல் ஏற்றுக்கொண்ட கடல் தொடர்பு வாக்கியத் தொகுப்பிலும் எண்களை அப்படித்தான் சொல்லச் சொல்லியிருக்கிறது. அந்தத் தொகுப்பை ஒரு தரம் புரட்டிப் பார்த்தால் தெரியும்: பல தேசத்து மாலுமிகள் ஒருவருக்கொருவர் புரிந்துகொள்வதற்காக இங்கிலீஷை எவ்வளவு வற்றக் காய்ச்சியிருக்கிறார்கள் என்று. கேள்வி கேட்பதற்கு முன்னால் ‘கொஸ்டின்’ என்று சொல்லிவிட்டுக் கேட்கலாம். எவ்வளவு நிம்மதி!

எண்களில் இன்னும் சில கண்ணிகள் உண்டு. ஜெர்மன் பார்ட்டி 1.250 கிலோ என்று எழுதினால் அது ஆயிரத்து இருநூற்றைம்பது. புள்ளி அவருக்கு ஆயிரத்தைப் பிரிக்கும் குறி. நாம் 1,25,000 என்று போட்டால், மூன்று மூன்றாகப் பிரித்துப் பழகியவர் ஏதோ ஓர் எண் விட்டுப்போயிற்று என்று நினைப்பார். 03/04 என்பது அமெரிக்காவில் மார்ச் 4, நமக்கு ஏப்ரல் 3. அதனால் மாதத்தை எழுத்தில்தான் எழுத வேண்டும். இறால் போகிற ரீஃபர் பெட்டிக்கு மைனஸ் 18 டிகிரி. அந்தச் சின்னக் கோடு ஃபேக்ஸில் மறைந்துபோகும், ஃபாரத்தில் ஹைஃபன் மாதிரி தெரியும். ‘மைனஸ்’ என்று எழுத்தாலேயே எழுது என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மெயில் வந்த பிறகு எழுத்து பெருகியது. ஃபேக்ஸ் காலத்தில் ஒரு பக்கத்துக்கு இவ்வளவு செலவு என்று கணக்குப் பார்த்துச் சுருக்கமாக எழுதினோம். மெயிலுக்குக் காசு இல்லை என்றதும் ‘ரெஸ்பெக்டட் சார்’ தொடங்கி ‘டூ த நீட்ஃபுல்’ வரை ஒரு முழு மரியாதை ஊர்வலம். என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் அதில் இருக்காது. ‘நீட்ஃபுல்’ என்று எழுதினால் எதிரில் இருப்பவர் எதைச் செய்வார்? டிராஃப்டை இந்தியா நேரம் மாலை 4 மணிக்குள் உறுதிப்படுத்துங்கள், கட்-ஆஃப் 6 மணிக்கு என்று எழுதினால் செய்வார். சப்ஜெக்ட் வரியில் புக்கிங் நம்பர், ஒரு மெயிலுக்கு ஒரு விஷயம். இதைத் தாண்டி மெயில் இங்கிலீஷில் நான் கற்றுக்கொண்டது பெரும்பாலும் வாக்குக் கொடுக்காமல் தகவல் சொல்கிற வித்தைதான்.

2021 மார்ச் 23இல் ‘எவர் கிவன்’ கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டி, 29ஆம் தேதி வரை வழி அடைந்து கிடந்தது. ஐரோப்பா பார்ட்டிகள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: சரக்கு எப்போது வரும்? கப்பல் இன்ன தேதிக்கு ‘வில் அரைவ்’ என்று எழுதினால் அது நம் தலையில் விழுகிற வாக்கு. கப்பல் கம்பெனி இன்றைக்குத் தந்த தகவலின்படி இன்ன தேதிக்கு எதிர்பார்க்கப்படுகிறது, இது மாறக்கூடும் என்று எழுதினால் அது செய்தி. தகவல் யாருடையது, எந்த நாளுடையது என்று இரண்டும் அந்த வரியில் இருக்க வேண்டும். 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கி, கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி நன்னம்பிக்கை முனை வழியாகப் போக ஆரம்பித்தபோது மறுபடியும் அதே மெயில்கள். பழைய ஃபைலை எடுத்து வைத்துக்கொண்டு எழுதினோம்.

சி.ஐ.எஃப். வியாபாரத்தில் இது இன்னும் நுட்பம். ஹாம்பர்க் வரைக்கும் கப்பல் கூலியும் இன்ஷூரன்ஸும் நம் பார்ட்டி கட்டுகிறார். ஆனால் விற்பவர், வாங்குபவர் பொறுப்பைப் பிரிக்கிற இன்கோடெர்ம்ஸ் விதிப்படி டெலிவரி தூத்துக்குடியில் கப்பலில் ஏற்றியதோடு முடிந்துவிடுகிறது. வழியில் சரக்குக்கு எது நேர்ந்தாலும் ரிஸ்க் வாங்குபவருடையது. அப்படியிருக்க, ‘ஹாம்பர்க்கில் டெலிவர் செய்துவிடுவோம்’ என்று பிரியமாக ஒரு வரி எழுதிவிடுகிறார்கள். இங்கிலீஷ் நன்றாக வருகிறவர்கள்தான் இப்படிப் பிரியமாக எழுதுவது.

கொழும்பு கதை தனி. எங்கள் சரக்கில் பாதிக்கு மேல் ஃபீடரில் கொழும்பு போய் அங்கே பெரிய கப்பலுக்கு மாறும். அங்கே ஏஜெண்ட் ஆபீஸில் ஃபோன் எடுப்பவர் பல நேரம் தமிழர். “ஓம் அக்கா, பெட்டி இறங்கிட்டுது, கனெக்‌ஷன் வெசல்ல இடம் பாத்துக்கொண்டு இருக்கிறன்” என்று தமிழில் பேசி முடிப்பார். “அதையே மெயில்ல போட்டுருங்க தம்பி” என்பேன். இங்கிலீஷில் நாலு வரி வரும்: ‘சப்ஜெக்ட் டு’ ஸ்பேஸ். ஃபோனில் இடம் பார்த்துக்கொண்டிருந்தவர் மெயிலில் இடம் தருவதாகச் சொல்லவில்லை. இடம் இருந்தால் தருவேன் என்கிறார். இரண்டுமே அவர் சொன்னதுதான். பார்ட்டிக்கு நான் அனுப்ப வேண்டியது இரண்டாவதை.

இப்போது வருகிற பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரே மெயில் எழுதித் தருகிறது. இலக்கணம் சுத்தம், நடையும் வழவழப்பு. போன வருஷம் ஒரு பையன், நனைந்துபோன சரக்கு பற்றிய புகாருக்கு அப்படி ஒரு பதிலைத் தயார்செய்து என்னிடம் காட்டினான். முதல் வரியிலேயே ஏற்பட்ட சேதத்துக்கு முழுப் பொறுப்பேற்று வருந்துகிறோம் என்று இருந்தது. “தம்பி, சேதம் எங்க நடந்துச்சுன்னு சர்வே ரிப்போர்ட்டே இன்னும் வரல. நாம ஏன் பொறுப்பேத்துக்கிடணும்?” என்றேன். “மரியாதையா இருக்குமேன்னு பாத்தேன்க்கா” என்றான். அவனுக்கு ஒரு பழைய கிளெய்ம் ஃபைலைக் கொடுத்தேன். அதில் ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் ‘வித்தவுட் பிரெஜுடிஸ்’ என்று இருக்கும். அந்தத் தலைப்பு எப்போது பலிக்கும், எப்போது பலிக்காது என்பதை வக்கீலிடம் விட்டுவிடலாம். பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல் எவ்வளவு மரியாதையாக எழுத முடியும் என்பதை அந்தக் கடிதங்களில் பார்க்கலாம். சேதம் குறித்த தகவல் கிடைத்தது, சர்வேயரை நியமித்திருக்கிறோம், பெட்டியையும் சீலையும் அப்படியே வைத்திருங்கள், படங்கள் அனுப்புங்கள். வருத்தம் தெரிவிக்கிற வரியும் உண்டு. எதற்கு வருந்துகிறோம் என்பதை அளந்து எழுதியிருப்பார் அண்ணாச்சி.

ஆள் எடுக்கும்போது இதை வைத்துத்தான் எனக்கும் எச்.ஆர். தம்பிக்கும் வாக்குவாதம். அவர் ‘டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்’ கேட்டு மார்க் போடுவார். நான் ஓர் இன்வாய்ஸும் டிராஃப்ட் பி.எல்.லும் கொடுப்பேன். கார்ட்டன் எண்ணிக்கை ஓரிடத்தில் மாறியிருக்கும், போர்ட் ஒன்றில் ‘டூட்டிகோரின்’ என்றும் இன்னொன்றில் ‘சென்னை’ என்றும் இருக்கும், ஒரு ஸ்பெல்லிங் பிழையும் சும்மா கிடக்கும். எது பணத்தை நிறுத்தும், எது நிறுத்தாது என்று கண்டுபிடித்து, லைனுக்கு மூன்று வரி மெயில் எழுத வேண்டும். ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் பக்கத்துப் பிள்ளைகள், பேசச் சொன்னால் தரையைப் பார்க்கிறவர்கள், பென்சிலை எடுத்ததும் வேறு ஆளாகிவிடுகிறார்கள். “பையர் கால் வந்தா இவங்க என்னக்கா பேசுவாங்க?” என்று எச்.ஆர். தம்பி கேட்கிறார். நியாயமான கேள்விதான், வீடியோ கால் இப்போது கூடித்தான் வருகிறது. போன தடவை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம்: அவர் கேள்விக்கு அம்பது மார்க், என் பி.எல்.லுக்கு அம்பது. அடுத்த தடவைக்கு எழுபது கேட்டிருக்கிறேன்.